ஜிம்மி தண்ணீர் குடிக்க வேண்டும்

மாரியம்மா, உன் பெயரைச் சொல்லித்தான் வாயைத் திறக்கிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல நீதான் என் நாக்கில் நிற்க வேண்டும்.

என் மகள் பூரணிக்கு அப்போது ஆறு வயது. எங்கள் வீட்டு நாயே அவளைக் கடித்துவிட்டது. கடித்த நாயை நானே சாக்கில் போட்டுக் கட்டி, லாரியில் ஏற்றி, ஊரை விட்டு அனுப்பியும் விட்டேன். மறுநாள் டாக்டர் என்னைப் பார்த்து, "நாய் எங்க?" என்று கேட்டார். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

என் பெயர் முத்தையா. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனு எழுதிப் போட்டுவிட்டு எல்லோரும் காத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குப் பங்குனியில் திருவிழா. நான் அப்போது நான்கு வருஷமாகக் கரகம் தூக்கிவந்தவன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கரகம் தூக்குகிறவன் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் துணியைக் கையில் கட்டிய நேரத்திலிருந்து கரகத்தை இறக்குகிற வரைக்கும் கவுச்சி கூடாது, பொய் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது லாரிப் பாதை தொடங்குகிற இடத்தில் இருக்கிற ஒரு வெள்ளைக் கல். காப்போடு அதைத் தாண்டினால் தாண்டினவனுக்கு மட்டுமல்ல, தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

காப்புக் கட்டிய நாள் முதல் தினமும் காலையில் ஓடையிலிருந்து பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, அம்மனுக்குக் கொண்டுவந்து கொடுப்பது என் பொறுப்பு. அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் வந்தேன். கோயில் வாசலில் குடத்தை வைத்துவிட்டு, நனைந்த வேட்டியைப் பிழிந்தேன். திரும்பிப் பார்த்தால் ஜிம்மி குடத்துக்குள் மூக்கை விட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறது.

ஜிம்மி, பூரணி எங்கே போனாலும் பின்னால் போகிற ஒரு செம்மண் நிற நாய். அன்றைக்கும் அவள் பின்னால் கோயிலுக்கு வந்திருந்தது. அதற்குத் தாகம். குடத்தில் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மன் தண்ணீரில் நாய் வாய் வைத்ததா! விட்டேன் ஒரு உதை. குடம் ஒரு பக்கம் உருண்டது, நாய் ஒரு பக்கம் உருண்டது. இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கினேன். அதற்குள் பூரணி ஓடிவந்து நாயின் மேல் விழுந்து கட்டிப் பிடித்தாள். வலியில் துடித்த ஜிம்மி யார் எவர் என்று பார்க்காமல் அவள் கையைக் கவ்விவிட்டது. முழங்கைக்குக் கீழே நான்கு பல் இறங்கிவிட்டது.

கொழுந்துச் சாக்கு ஒன்றை எடுத்து நாயை அதில் போட்டேன். கந்தப்பளையிலிருந்து திங்களும் வியாழனும் காசிம் நானாவின் மரக்கறி லாரி எங்கள் பக்கம் வரும். மஸ்கெலியாக் கடைகளுக்குக் கோவா, லீக்ஸ் என்று காய்கறி இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும். அதை மறித்து, "வழியில எங்கயாச்சும் வுட்டுருங்க நானா" என்று சாக்கைக் கொடுத்தேன். கொடுக்கும்போது என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கையை நீட்டிக் கொடுத்தேன். எல்லையைத் தாண்டக் கூடாதல்லவா! எவ்வளவு பக்தி பாருங்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் டவுன் டாக்டர் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வருவார். மறுநாள் நானும் என் மனைவி பாக்கியமும் பூரணியைத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் காயத்தைக் கழுவிக்கொண்டே, பக்கத்துத் தோட்டத்தில் வெறி பிடித்த விசர் நாய் ஒன்று சுற்றியதாகவும், அது கடித்த இரண்டு மாடுகள் செத்துப் போனதாகவும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

"நாய் எங்க?"

சாக்கில் கட்டி அனுப்பியதைப் பாக்கியம்தான் சொன்னாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அந்த நாயக் கட்டி வச்சுப் பாக்கணும். பத்து நாள் நல்லா இருந்தா பிள்ளைக்குப் பயமில்ல. நாய் இல்லன்னா வயித்துல வரிசையா ஊசி போட்டே ஆகணும். உங்க பிள்ளைக்குப் போன வருஷம் வலிப்பு வந்திருக்கு. இந்த ஊசி சில பேருக்குக் காலை வாங்கிடும். அதுதான் யோசிக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாக்கிறேன். நாய் வரலைன்னா ஊசிதான்."

ஊசி போட்டால் கால் போகலாம். போடாவிட்டால், நாய்க்கு நோய் இருந்தால், உயிரே போகும். எது என்று சொல்லக்கூடியது அந்த நாய் ஒன்றுதான். அதை நான் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஜிம்மி எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர வேறு யார் கையிலும் நிற்காது. பிள்ளையை விட்டுப் பாக்கியம் போக முடியாது. நான் போனால் காப்பு. பூசாரி சின்னச்சாமி அண்ணனிடம் போய், "அண்ணே, இதை அவுத்துருங்க" என்று கையை நீட்டினேன்.

"கட்டுன காப்பப் பாதியில அவுக்கிற வழக்கம் கெடையாது முத்தையா. போறதுன்னா அதோடயே போ. அப்பறம் ஆத்தா விட்ட வழி" என்றார்.

பாக்கியத்துக்கு அவ்வளவு யோசனை இல்லை. "நாய அனுப்புனது யாரு? நீங்க. கூட்டிக்கிட்டு வர வேண்டியதும் நீங்கதான். ஆத்தா கேட்டா, பொண்டாட்டிதான் போகச் சொன்னான்னு எம்மேல போடுங்க."

சனிக்கிழமை விடிந்ததும் வெள்ளைக் கல்லைத் தாண்டினேன். அந்த ஒரு அடி வைக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அம்மனுக்குத்தான் தெரியும். பஸ் பிடித்து ஹட்டன், அங்கிருந்து ரயிலில் நானுஓயா, மறுபடியும் பஸ். கந்தப்பளையில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

நாயை எங்கே இறக்கிவிட்டார் என்று கேட்கத்தான் வந்திருந்தேன். காசிம் நானா தன் கடை வாசலிலேயே நின்றார். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி. பாவம், ரோட்டுல வுட மனசு வரல்ல. பின்னால கட்டி வெச்சிரிக்கேன்" என்றார். என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் முகம் தெளிவாக இல்லை. "ஆனா ஒண்டு சொல்லணும். வந்த நேரத்துல இருந்து ஒங்கட நாய் தண்ணி குடிக்கல்ல. செம்புல வெச்சிக் குடுத்தா பின்னால பின்னால போகுது. எனக்குப் பயமா இரிக்கி."

விசர் நாய் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். இது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

நானாவின் லாரி அச்சு முறிந்து நுவரெலியாவில் கிடந்தது. சரி, பஸ்ஸில் ஏற்றலாம் என்று போனேன். கண்டக்டர் கேட்டார், "நாய் கடிக்குமா?" காப்புக் கட்டியவன் பொய் சொல்லக் கூடாது. எல்லையைத் தாண்டியாகிவிட்டது, இதையாவது காப்பாற்றுவோம் என்று, "கடிச்சிருக்குங்க" என்றேன். பஸ் போய்விட்டது. கந்தப்பளையிலிருந்து நடந்தே போய், அடுத்த நாள் காலையில் நானுஓயா ஸ்டேஷனில் கேட்டேன். "கூண்டு வேணும். நல்ல நாய்தானே?" என்று கேட்டார்கள். "தெரியலைங்க. அதத் தெரிஞ்சுக்கத்தான் கொண்டு போறேன்" என்றேன். அவர்கள் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இதற்கு மேல் கால்தான் வண்டி என்று முடிவு செய்துகொண்டேன்.

நானா கொடுத்த நீளக் கயிற்றின் ஒரு முனையில் ஜிம்மி, மறு முனையில் நான். நடுவில் பத்தடி. கிட்டே வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதுவும் என்னைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கியே வந்தது. கந்தப்பளை, நுவரெலியா, நானுஓயா, ரதல்லை. மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற பாதை. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் கயிறுதான் தெரியும், நாய் தெரியாது. கயிறு தொய்ந்தால் திக்கென்று இருக்கும். இழுத்தால் திக்கென்று இருக்கும். அதன் வாயோரம் எச்சில் வடிந்தால் எனக்கு உடம்பு முழுக்க வியர்த்துவிடும். நடக்கிற நாய்க்கு எச்சில் வடியாதா? வடியும். ஆனால் அதை அப்போது யார் எனக்குச் சொல்வது?

வழியெல்லாம் தண்ணீர். நம் மலையில் தண்ணீருக்கா பஞ்சம்? ஒவ்வொரு ஓடையிலும் நின்றேன். ஜிம்மியை முன்னால் விட்டேன். அது தண்ணீரைப் பார்க்கும். என்னைப் பார்க்கும். வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு பின்னால் போகும். ஒரு ஓடை, இரண்டு ஓடை, ஆறு ஓடை. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

முதலில், "தாயே, என் பிள்ளையைக் காப்பாத்து" என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தேன். போகப் போக வேண்டுதல் சுருங்கிவிட்டது. பிள்ளை, கால், ஊசி எல்லாம் போய், "ஆத்தா, இது தண்ணி குடிக்கணும். ஒரே ஒரு வாய் குடிக்கணும்" என்பது மட்டும் மிஞ்சியது. இதையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். திடீரென்று எனக்கு உறைத்தது. ரோட்டின் நடுவில் நின்றுவிட்டேன். வியாழக்கிழமை இதே நாய் தண்ணீர் குடித்தது என்பதற்காகத்தானே நான் உதைத்தேன்! அன்று குடித்தது குற்றம். இன்று குடி குடி என்று கெஞ்சுகிறேன். அம்மன் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் பார்த்தீர்களா? வழியில் இருந்த மைல் கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தலவாக்கலைக்குக் கொஞ்சம் முந்தி, ரோட்டோரம் ஓடையில் ஒரு சிங்களப் பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "பிஸ்ஸு பல்லா, அக்கே. தள்ளிப் போங்க" என்றேன். பைத்தியம் பிடித்த நாய் என்று அர்த்தம். அவள் அலறிக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. கையில் பிழிந்த துணியோடு ஜிம்மியைப் பார்த்தாள். ஜிம்மி வழக்கம்போல் தண்ணீரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பின்னால் போனது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊ பயய், மல்லி. ஓயாகே கக்குல தமய் பலன்னே" என்றாள்.

அது பயந்துபோயிருக்கிறது தம்பி, உன் காலைத்தான் பார்க்கிறது.

என் காலை! ஒரு நாள் முழுக்க அது என்னைப் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன். என் முகத்தை அது பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்க்கும், என் வலது காலைப் பார்க்கும். அவ்வளவுதான். அந்தப் பெண் கையால் உட்காரச் சொல்லிக் காட்டினாள். உட்கார்ந்தேன். இரண்டு காலையும் மடக்கி, நானா திருப்பிக் கொடுத்த அந்தச் சாக்கை எடுத்து மேலே போட்டு மூடினேன். கயிற்றைத் தளர்த்திவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்கத் தைரியம் இல்லை.

கொஞ்ச நேரம் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சளக், சளக், சளக்.

கண்ணைத் திறந்தேன். ஜிம்மி முன்னங்கால் இரண்டையும் ஓடைக்குள் வைத்துக்கொண்டு குடித்தது. நிறுத்தாமல் குடித்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தது. மூன்று நாள் எப்படிப் பிழைத்தது? யாரும் பார்க்காத நேரம் புல்லில் தங்கிய மழைத் தண்ணீரை நக்கியிருக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்கூட உடனே வரவில்லை. அடிபட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதற்கு நோய் இல்லை. அதைப் பிடித்திருந்தது என் மேலுள்ள பயம். தண்ணீரில் வாய் வைத்தால் உதை விழும் என்று நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டு மறுபடியும் துணியை எடுத்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினாள். அவள் பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. என் வேண்டுதலுக்குப் பதில் எந்த வாயால் வந்தது என்று கேட்டால், அந்த வாயைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு பத்தடிக் கயிறு ஐந்தடியானது. கொட்டகலை தாண்டும்போது ஜிம்மி என் பக்கத்தில் நடந்தது. ஹட்டனில் ஒரு பேக்கரியில் பாண் வாங்கி ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். ஓடை வந்தால் நானே முதலில் உட்கார்ந்துவிடுவேன், காலை மூடிக்கொள்வேன். போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் கால் கொப்புளித்து நோர்வூட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் எங்கள் வெள்ளைக் கல் தெரிந்தது.

கல்லுக்கு அந்தப் பக்கம் பாதித் தோட்டமே நின்றது. யாரோ பஸ்ஸில் வந்தவர்கள் என்னை வழியில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் சின்னச்சாமி அண்ணன். அவர் கையில் அதே பித்தளைக் குடம், மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. காப்போடு எல்லை தாண்டினவன் காலில் ஊற்றித்தான் உள்ளே விட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். பாக்கியம் பூரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பூரணி "ஜிம்மி!" என்று கத்தினாள். பாக்கியம் அவளை இறக்கிவிடவில்லை.

பூசாரி என் காலில் ஊற்றிவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தார். பாதிக் குடம் மிச்சம் இருந்தது. ஜிம்மி குடத்தைப் பார்த்தது. என் காலைப் பார்த்தது. பின்னால் போனது.

அத்தனை பேர் முன்னாலும் நான் ரோட்டில் உட்கார்ந்தேன். காலை மடக்கிச் சாக்கால் மூடினேன். குடத்தை நானே ஜிம்மி பக்கம் தள்ளிவிட்டேன். "முத்தையா!" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். ஜிம்மி கழுத்தை நீட்டி மோந்து பார்த்தது. மூக்கைக் குடத்துக்குள் விட்டது. அம்மன் தண்ணீரைக் குடித்தது. அத்தனை பேருக்கும் அது குடிக்கிற சத்தம் கேட்டது.

சின்னச்சாமி அண்ணன்தான் கடைசியில் சொன்னார்: "குடிக்கட்டும். ஆத்தா வீட்டுத் தண்ணிதானே."

அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லியனுப்பினோம். அவர் வந்து தூர நின்று நாயைப் பார்த்தார். கடித்த நாளிலிருந்து பத்து நாள் முடிகிற வரைக்கும் கட்டி வைக்கச் சொன்னார். வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுக் கட்டினேன். தினமும் தண்ணீர் வைத்துவிட்டு உட்கார்ந்து காலை மூடிக்கொள்வேன். எட்டாம் நாள் மூடாமலே குடித்தது. பத்தாம் நாள் டாக்டர் வந்து பூரணியின் தலையைத் தடவிவிட்டு, "ஊசி வேணாம்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. டிஸ்பென்சரி வாசலில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பூரணி என்னை வேடிக்கை பார்த்தாள்.

அந்த வருஷம் கரகத்தை வேறு ஆள் தூக்கினார். எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த வருஷமும் நான் கேட்கவில்லை. பூசாரி அண்ணனே கூப்பிட்டுக் காப்புக் கட்டினார். தோட்டத்துக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. பூரணி இப்போது கொழுந்து எடுக்கப் போகிறாள். மலை ஏறுகிற அந்த இரண்டு காலையும் பார்க்கும்போதெல்லாம் அம்மனை ஒரு தடவை கும்பிட்டுக்கொள்வேன். ஜிம்மி போன வருஷம்தான் வயதாகிச் செத்தது. கடைசி வரைக்கும் எங்கள் வாசலில்தான் படுத்திருந்தது.

அம்மனை நம்புகிறவர்களே, உங்கள் வீட்டிலும் கஷ்டம் இருக்கும். வேண்டிக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்வதையும் கேளுங்கள், அந்த வாயும் அவள் கொடுத்ததுதான். பெரிதாகக் கேட்கத் தெரியாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். நான் ஒரு வாய்த் தண்ணீர்தான் கேட்டேன். அவள் என் பிள்ளையையே திருப்பிக் கொடுத்தாள். என்னையும் திருத்தினாள்.

எங்கள் கோயிலுக்கு வந்தால் வாசலுக்கு இடது பக்கம் ஒரு கல் தொட்டி இருக்கும். நான் செதுக்கி வைத்தது. காப்புக் கட்டுகிற அன்றைக்கு, ஓடையிலிருந்து வருகிற முதல் குடம் அதில்தான் ஊற்றப்படும், அம்மனுக்கு இரண்டாவது குடம்தான். நாய் வந்து குடித்தால் நான் உட்கார்ந்துகொள்வேன்.